தொட்டியில் ஒரு குருத்து

பிறந்த ஊரை விட்டுப் புறப்படுவோர் தம்முடன் எடுத்துச் செல்லக் கூடியவை சிலவே. மொழியை எடுத்துச் செல்லலாம்; சமையலின் பக்குவத்தை எடுத்துச் செல்லலாம்; பூசையறைப் படத்தைத் துணியிற் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொள்ளலாம். ஆனால் வாயிலில் நின்ற மரத்தை எவரும் எடுத்துச் செல்ல இயலாது. அதனாற்றான் போலும், பெங்களூரின் அடுக்கு மாடியிற் குடியேறிய குடும்பமாயினும், பனி பொழியும் நாடுகளிற் குடியேறிய குடும்பமாயினும், சற்றே காலூன்றியவுடன் கூடத்தின் மூலையில் ஒரு தொட்டியை வைத்து, பனையின் சாயல் கொண்ட செடி ஒன்றை வளர்க்கத் தொடங்கிவிடுகின்றனர். முதல் மாதம் அது செழிப்பாக நிற்கிறது. மூன்றாம் மாதம் இலை நுனி கருகுகிறது. ஆறாம் மாதம் தொட்டி மட்டும் எஞ்சுகிறது. இந்நிலை ஏன் நேர்கிறது, இதனை எங்ஙனம் தவிர்ப்பது என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

நம் பக்கத்து மரங்கள்

ஆந்திரம், கருநாடகம், தமிழகம் ஆகிய மூன்றும் சந்திக்கும் மூலையிலே, சித்தூர் மாவட்டத்திற் குப்பத்தை அடுத்து அமைந்தது இராமகுப்பம். மைசூர்ப் பீடபூமியின் தொடர்ச்சியாகிய மேட்டு நிலம் அது. இப்பக்கத்தில் வளர்ந்தவர்கள் ஒரு மரத்தை மூன்று பெயரால் அறிவார்கள். தமிழில் ஈச்சை என்பதைத் தெலுங்கர் ஈத என்பர். கன்னடர் ஈசல என்பர். மூன்று சொற்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது விளங்கும். ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் தானாக முளைத்து நிற்கும் இம்மரம் நம்மவர்க்குப் பாய் தந்தது; கூடை தந்தது; துடைப்பம் தந்தது; சிறுவர்க்குச் சதை குறைந்து கொட்டை மிகுந்த பழத்தையும் தந்தது. குப்பம், பலமனேர்க் காடுகளைச் சேர்த்து 1990ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயத்தில் யானைகள் வாழ்கின்றன. யானைக்கு ஈச்சங் குருத்து விருப்பமான உணவு என்பதைக் காட்டோரத்து மக்கள் நன்கு அறிவர்.

ஈச்சை, பனை, தென்னை, கமுகு ஆகிய அனைத்தும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. கடையில் நாம் விலை கொடுத்து வாங்கும் தொட்டிச் செடியும் அக்குலத்தின் ஒரு கிளையே. ஆகவே ஊரில் ஈச்சையும் தென்னையும் எவ்வாறு வாழ்ந்தன என்று நினைவுகூர்ந்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பனையைத் தொட்டியில் வைக்கலாமா?

ஊருக்குச் சென்று திரும்பும்போது பனங்கொட்டை ஒன்றைக் கொணர்ந்து, மாடியில் வைத்து முளைக்க வைக்கலாமா என்று வினவுவோர் உளர். ஆசை நல்லது, ஆனால் பனையின் இயல்பு அதற்கு இடந்தராது. பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் மேல்நோக்கி வளர்வதில்லை. கீழ்நோக்கி நிலத்தினுள் ஆழ இறங்குகிறது. நாம் அவித்து உண்ணும் பனங்கிழங்கு அவ்வாறு இறங்கிய பகுதியேயாகும். அவ்வளவு ஆழத்திற் கால் பதித்த பின்னரே முதல் ஓலை வெளிப்படும். அதன் பிறகும் பல ஆண்டுகள் அடிமரமே தோன்றாது. ஒரு முழ ஆழமுள்ள தொட்டி அதற்கு வீடன்று, சிறை. பனை நிலத்துக்கு உரியது. நிலமுள்ளவர்கள் ஊரிலேயே அதனை ஊன்றி வைப்பதே முறை.

ஈச்சையின் செய்தி சற்று வேறு. அகன்ற தொட்டியில், நாள் முழுதும் வெயில் படும் மொட்டை மாடியில், அது சில ஆண்டுகள் வளரும். ஆயினும் அதன் மட்டையின் அடியில் உள்ள முட்கள் குழந்தைகளின் கண்ணுக்குப் பெருந்தீங்கு. ஈச்சையின் சிறிய உறவினர் ஒருவர் உளர். கடைகளில் ‘குள்ள ஈச்சை’ என்றும் ‘ஃபீனிக்ஸ் பாம்’ என்றும் விற்பர். லாவோஸ், வியட்நாம், தென்சீனம் ஆகியவற்றின் ஆற்றங்கரைகள் அதன் தாயகம். மெல்லிய ஓலையும் குறுகிய தண்டும் உடையது, தொட்டிக்கு ஏற்றது. இதற்கும் மட்டையடியில் முள் உண்டாதலால் நடைபாதையில் வைத்தல் கூடாது. ஊர் மரத்தின் உறவை வீட்டில் வைக்க விரும்புவோர்க்கு இதனினும் பொருத்தமானது இல்லை என்பது நம் கருத்து.

கடையிற் கிடைப்பவை

இந்திய நாட்டில் மிகுதியாக விற்பனையாவது ‘அரிக்கா பாம்’ எனப்படுவது. பெயரைக் கேட்டு இதனைப் பாக்குத் தரும் கமுகு என்று கருதுவோர் பலர். அது தவறு. கமுகு வேறு, மடகாஸ்கர்த் தீவிலிருந்து வந்த இது வேறு. மஞ்சள் நிறத் தண்டுகள் மூங்கிற் புதர் போல நெருங்கி எழுவதே இதன் அடையாளம். கிழக்குக் கோதாவரி மாவட்டத்துக் கடியம் நாற்றங்கால்களிலிருந்து இத்தகைய செடிகள் லாரி லாரியாக நாட்டின் பல பகுதிகளுக்கும் செல்கின்றன. இதற்கு நல்ல வெளிச்சம் தேவை. இருண்ட மூலையில் நெடுநாள் தாங்காது.

மேலை நாடுகளில் வாழும் அன்பர்களுக்கு ‘கெண்டியா’வும் ‘பார்லர் பாம்’ என்பதும் எளிதிற் கிடைக்கும். கெண்டியாவின் பிறப்பிடம் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடலிடைக் கிடக்கும் லார்ட் ஹோவ் என்னும் சிறு தீவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இதன் விதையை விற்றே அத்தீவினர் பிழைத்தனர் என்றால் அதன் பெருமையை உணரலாம். மங்கிய ஒளியையும் ஓரளவு குளிரையும் பொறுக்கும் குணம் இதற்கு உண்டு. பார்லர் பாம், மெக்சிக்கோ, குவாத்திமாலா நாட்டுக் காடுகளில் பெருமரங்களின் நிழலில் வளர்வது. ஆதலால் நிழலே அதற்குப் பழக்கம். தென்சீனத்து ‘ரேபிஸ்’ என்னும் விசிறி ஓலைச் செடியும் குறைந்த ஒளியில் நின்று பிடிக்கும்.

இச்செடிகள் எல்லாம் கடல் கடந்து வந்தவை என்பதை அன்பர்கள் நோக்குக. கப்பலில் உப்புக் காற்றுப்பட்டு மடிந்துகொண்டிருந்த செடிகளுக்கு உயிர் கொடுத்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. 1829ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, மூடிய கண்ணாடிக் கலத்தினுள் செடி தானே ஈரத்தைத் தக்க வைத்துக்கொண்டு வாழ்வதைத் தற்செயலாகக் கண்டார். அதன்பின் கண்டம் விட்டுக் கண்டம் செடிகள் குடிபெயர்ந்தன. இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் 1844 முதல் 1848 வரை பனையினங்களுக்கென்றே ஒரு கண்ணாடி மாளிகை எழுப்பப்பட்டது. நம் கூடத்துத் தொட்டிச் செடியும் நம்மைப் போன்றே புலம்பெயர்ந்தது என்று உணர்ந்தால் அதன்மேல் ஒரு பரிவு பிறக்கும்.

பனையல்லாத பனை

இங்கு ஓர் எச்சரிக்கை. ‘சேகோ பாம்’ என்ற பெயரில் விற்கப்படும் சைக்கஸ் செடி, தோற்றத்திற் குட்டைப் பனை போன்று இருப்பினும் பனைக்குலத்தைச் சேர்ந்ததன்று. அதன் எல்லாப் பகுதியிலும் நஞ்சு உண்டு; விதையில் மிகுதி. நாய், பூனை கடித்தால் கல்லீரல் கெட்டு உயிர் போகவுங்கூடும். தவழும் குழந்தையும் வளர்ப்பு விலங்கும் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டா. மீன்வால் போன்ற இலையுடைய கூந்தற்பனை வகைகளின் கனிச் சாறும் தோலிற் பட்டால் கடும் அரிப்பு உண்டாக்கும். அரிக்கா பாம், கெண்டியா, பார்லர் பாம், ரேபிஸ் ஆகிய நான்கும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சற்றவை.

சைக்கஸ் குலத்தின் பொறுமைக்கு ஒரு சான்று கூறி மேற்செல்வோம். தென்னாப்பிரிக்காவிலிருந்து 1775ஆம் ஆண்டில் பிரான்சிஸ் மேசன் என்பவர் கியூ தோட்டத்துக்குக் கொணர்ந்த அக்குலத்துச் செடி ஒன்று, உலகிலேயே மிக முதிய தொட்டிச் செடி எனப் போற்றப்படுகிறது. தொட்டி சிறிது என்பதற்காக ஆயுளும் சிறிதாக வேண்டுவதில்லை. பேணுவார் கையில் இருக்கிறது எல்லாம்.

ஒற்றைக் குருத்து

பனைக்குலத்தைப் பேணுவதன் முழு இரகசியமும் ஒரே செய்தியில் அடங்கியுள்ளது. மாமரத்தின் நுனியை வெட்டினால் பக்கத்தில் பத்துக் கிளை வெடிக்கும். தென்னையின் குருத்தை வெட்டினால் மரம் மாண்டுபோகும். இதனை நம் கிராமத்துச் சிறுவனும் அறிவான். தண்டு ஒவ்வொன்றுக்கும் உயிர்நிலை ஒன்றே. அது உச்சியில் உள்ள குருத்து. புதர்போல் வளரும் அரிக்கா பாமில் ஒரு தண்டின் குருத்து அழிந்தால் அத்தண்டு சாகும்; மற்றவை பிழைக்கும். ஒற்றைத் தண்டுடைய கெண்டியாவில் குருத்து அழிந்தால் கதை முடிந்தது. மேலும் இம்மரங்களின் தண்டிற் காயம்பட்டால் மாமரத்திற் போலப் பட்டை வளர்ந்து மூடுவதில்லை. பட்ட வடு ஆயுள் முழுதும் நிற்கும்.

ஆதலின் ‘உயரமாகிவிட்டது, நுனியைக் கத்தரிப்போம்’ என்று கத்தரிக்கோலை எடுத்தல் ஆகாது. குருத்தினுள் நீர் தேங்கி அழுகாமலும் காத்தல் வேண்டும். நீரைத் தலையில் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுக.

பழுத்த ஓலையை உடனே வெட்டுவோர் பலர். அதுவும் நன்றன்று. மண்ணிற் சத்துக் குறையும்போது, முதிய ஓலையிலுள்ள சாம்பற்சத்தை உறிஞ்சியே இளங்குருத்து வளர்கிறது. மஞ்சள் நிறமானது என்று ஓலையை அறுத்தால், பேரனுக்குப் பாட்டி தரும் சோற்றைத் தட்டிப் பறித்தது போலாகும். முற்றும் காய்ந்து பழுப்பான பின் வெட்டுவதே முறை. நுனி மட்டும் கருகியிருந்தால், பச்சைப் பகுதியைத் தொடாமல் காய்ந்த பகுதியில் ஒரு கீற்றளவு விட்டுக் கத்தரித்தால் போதும்.

ஒளியும் நீரும்

செடி மடிவதற்கு முதற்காரணம் நீர்க்குறை அன்று, நீர்மிகை. அன்பு மிகுதியால் நாள்தோறும் நீர் ஊற்றி வேரை அழுக வைக்கிறோம். மேல்மண்ணில் விரலை ஓர் அங்குலம் செலுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டா. உலர்ந்திருந்தால் அடித்துளையில் வடியும் வரை ஊற்றுக. வடிந்த நீரைத் தட்டிலேயே தேங்க விடாமற் கொட்டிவிடுக. கோடையில் வாரத்துக்கு இரு முறையோ மும்முறையோ தேவைப்படலாம். குளிர்காலத்தில் பத்து நாளுக்கு ஒரு முறையே போதியதாகலாம். நாள்காட்டியைப் பார்த்து ஊற்றாமல் மண்ணைப் பார்த்து ஊற்றுவதே நெறி.

இரண்டாவது காரணம் நீரின் தன்மை. இலை நுனி கருகுவது பெரும்பாலும் உப்பினாலும் உலர்ந்த காற்றினாலும் ஆவது. சித்தூர், கோலார்ப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்த இடங்கள் உண்டு என்பது யாவரும் அறிந்ததே. அரிக்கா பாம் அதனைப் பொறுக்காது. பெங்களூரில் லாரித் தண்ணீரை நம்பி வாழும் வீடுகளிலும் இதே தொல்லை. ஒரு வாளி மழைநீரைப் பிடித்து வைத்து வாரத்துக்கு ஒரு முறையேனும் ஊற்றுதல் பெருநன்மை தரும். வீட்டில் ‘ஆர்.ஓ.’ பொறி வைத்திருப்போர் அதிலிருந்து கழியும் நீரை வீணாக்காமற் செடிக்கு ஊற்றலாமே என எண்ணுவர். எண்ணம் சிக்கனமானது, விளைவு தீயது. கழிவு நீரில் உப்பெல்லாம் திரண்டிருக்கும். அதனைத் தரை கழுவப் பயன்படுத்துக, செடிக்கு வேண்டா.

ஒளியைப் பொறுத்தவரை, உச்சி வெயில் நேரே படாத, ஆனால் விளக்கேற்றாமலே செய்தித்தாள் படிக்கத்தக்க வெளிச்சமுள்ள இடமே தக்கது. கிழக்குச் சாளரத்தின் அருகு சிறப்பு. நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் ஓலை வெந்துபோகும். சிறிது சிறிதாகப் பழக்குக.

குளிர்நாட்டு அன்பர்களுக்கு

பனி நாடுகளில் வாழ்வோர்க்கு இரண்டு பகைவர் உளர். ஒன்று, சாளரக் கண்ணாடியின் குளிர். மற்றொன்று, அறையைச் சூடாக்கும் கருவியின் உலர்ந்த வெப்பம். இவ்விரண்டுக்கும் இடையே, இரண்டும் நேரே தாக்காத இடத்திற் செடியை வைக்க வேண்டும். குளிர்காலத்தில் பகல் குறுகுவதால் செடி அரைத் தூக்கத்தில் ஆழ்கிறது. அப்போது நீரைக் குறைக்க வேண்டும். உரத்தை அறவே நிறுத்த வேண்டும். ஓலையின் மேல் நீர் தெளிப்பதால் காற்றின் ஈரம் சில நிமிடமே நிற்கும். அதனினும், செடிகள் சிலவற்றை ஒன்றுகூட்டி வைப்பதும், கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் ஊற்றி அதன்மேல் தொட்டியின் அடி நனையாதவாறு வைப்பதும் ஓரளவு பயன் தரும். வேனிற்காலத்தில் வெளியே நிழலில் வைத்தால் செடி மகிழும். இரவின் வெப்பம் 12 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குமுன் உள்ளே கொணர்ந்துவிடுக.

மண்ணும் உரமும் பூச்சியும்

செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு எனக் கலந்தால் நீர் தேங்காத மண் கிடைக்கும். தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. வேர் நெருங்கி நிற்பதை இக்குலம் பொறுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும், வேர்க்கட்டைக் கலைக்காமல், முன்னிருந்த ஆழத்திலேயே சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றுக.

காற்று உலர்ந்தால் ஓலையின் அடிப்புறத்திற் செஞ்சிலந்தி பரவும். மட்டை இடுக்கில் மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் ஒண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஈரத்துணியால் ஓலையின் இருபுறமும் துடைத்தாலே பாதித் தொல்லை ஒழியும். எஞ்சியதற்கு, சில துளி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலிற் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

நம் நாட்டில் வாழ்வோர் மறக்கலாகாதது ஒன்று. தொட்டித் தட்டில் தேங்கும் தூய நீரே டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசுவுக்கு விருப்பமான இடம். அதன் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே வாரம் ஒரு முறை தட்டைக் கொட்டுவதோடு நில்லாமல் தேய்த்துக் கழுவ வேண்டும்.

காற்றைத் தூய்மை செய்யுமா?

‘இச்செடி அறைக் காற்றைத் தூய்மை செய்யும், இது நாசாவின் கண்டுபிடிப்பு’ என்று கூறி விலையை ஏற்றுவோர் உளர். 1989ஆம் ஆண்டில் நாசாவைச் சார்ந்த வுல்வர்ட்டன் என்னும் அறிஞர், காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடிகளை வைத்துச் சோதித்தது உண்மை. ஆனால் வீடு மூடிய பெட்டியன்று. இத்தகைய சோதனைகள் பலவற்றையும் ஆராய்ந்து டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட முடிவு, சாளரத்தின் வழியே வரும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமாயின் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்பதாம். காற்று வேண்டுமாயிற் சாளரத்தைத் திறவுங்கள். செடியை அதன் அழகுக்காகவும், ஓர் உயிரைப் பேணும் மகிழ்ச்சிக்காகவும் வளருங்கள்.

விதையைக் கொண்டு செல்வோர் கவனத்துக்கு

ஊர் மண்ணின் விதையைப் பெட்டிக்குள் மறைத்து வெளிநாடு கொண்டு செல்வதை நாம் வன்மையாக மறுக்கிறோம். பெரும்பாலான நாடுகள் தாவர நலச் சான்றிதழ் இன்றிச் செடியையும் விதையையும் ஏற்பதில்லை; கண்டால் பறிமுதல் செய்து தண்டமும் விதிக்கும். இச்சட்டம் வீண் கெடுபிடி அன்று. நம் தென்னந் தோப்புகளைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டு தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியது. 1980களில் அது வளைகுடா நாடுகளின் பேரீச்சைகளைப் பற்றியது. 1990களில், அழகுக்காக வாங்கப்பட்ட மரங்களோடு எகிப்திலிருந்து ஸ்பெயினுக்குச் சென்று, மத்தியதரைக் கடலோரத்துப் பேரீச்சைகளை ஆயிரக்கணக்கில் வீழ்த்தியது. அவ்வண்டின் புழு தண்டினுள் மறைந்திருந்து தின்று, இறுதியில் அந்த ஒற்றைக் குருத்தையே அழித்துவிடுகிறது. ஒரு குடும்பத்தின் ஆசை வேறொரு நாட்டின் தோப்புக்கு எமனாகலாகாது. குடியேறிய நாட்டில் முறைப்படி விற்கும் செடியையே வாங்குக.

முடிவாக ஒன்று சொல்வோம். செடி வளர்க்கும் பொறுப்பை வீட்டுக் குழந்தையிடம் ஒப்படையுங்கள். விரலை மண்ணிற் செலுத்தி ஈரம் பார்க்கவும், ஓலையைத் துடைக்கவும், புதுக் குருத்து விரியும் நாளைக் குறித்து வைக்கவும் கற்பியுங்கள். அப்பொழுது ஈச்சை, பனை, மட்டை, ஓலை, குருத்து, பன்னாடை, நுங்கு என்னும் சொற்களையும் உடன் சொல்லிக் கொடுங்கள். இராமகுப்பத்து ஏரிக்கரையைக் காணாத பிள்ளைக்கு அச்சொற்கள் வேறெங்கும் கிடைக்கமாட்டா. மொழிக்கும் குருத்து ஒன்றே உண்டு. அது வீட்டில் வளரும் இளம் பிள்ளையின் நாவில் இருக்கிறது. அதனைக் காய விடாமற் காப்பது பெற்றோர் கடன்.